வருகைக்கு மட்டும் ஒரு பாட்டு

மல்யுத்தக்காரன் வருவதற்கு முன்னால் அவனுடைய பாட்டு வந்துவிடுகிறது. அரங்கு இருட்டாக இருக்கும், ஆள் தெரியாது, முதல் ஒலி விழும், கூட்டம் எழுந்துவிடும். வருவது யார் என்பதைக் கண்ணுக்கு முன்னால் காது கண்டுபிடிக்கிற அந்த நொடிக்காகத்தான் நான் ரெஸ்லிங் பார்க்கத் தொடங்கினேன். அடிக்காக இல்லை. அடி பொய் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் பொய் என்பது விழுகிறவனுடைய முதுகுக்குத் தெரியாது என்பார் எங்கள் அண்ணன்.

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. பட்டர்வொர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். வீடு தாசேக் கெலுகோரில். நான் அவரைச் சந்தித்தது கடலுக்கு அக்கரையில், ஜார்ஜ்டவுனில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். நாற்பதைத் தாண்டியபின் எழுத்துகள் என்னை விட்டுத் தள்ளித் தள்ளிப் போக ஆரம்பித்தன; கண்ணாடி போடப் போனேன். கடைக்காரர் பாய் எனக்குக் கண் பரிசோதனை செய்துகொண்டிருந்தபோது, பின்னறையிலிருந்து கப்பல் சங்கு ஒன்று ஊதியது. கடல் அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி. ஆனால் சங்குக்குப் பின்னால் கிட்டார் வந்தது, கிட்டாருக்குப் பின்னால் மெதுவாக ஒரு முரசு. நான் சோதனைப் பலகையைப் பார்ப்பதை விட்டுத் திரும்பிவிட்டேன்.

"அது ஒண்ணுமில்ல மா, ரெஸ்லிங்" என்றார் பாய். "உள்ள ஒரு பைத்தியம் ஒக்காந்திருக்கு. நீங்க அந்த மூணாவது வரிய படிங்க."

"அந்தப் பாட்டு யாருது?"

பின்னறையிலிருந்து பதில் வந்தது. "படிச்சிட்டு உள்ள வாங்க தங்கச்சி. சொல்றேன்."

அப்படித்தான் மூன்று பேரானோம். ஞாயிற்றுக்கிழமை மதியம் பாய் கடைக் கதவைப் பாதி இறக்கிவிடுவார். பின்னறையில் கண்ணாடி தேய்க்கிற மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு டிவி. ஆளுக்கு ஒன்று கொண்டுவர வேண்டும். நான் இசை கொண்டு போவேன். அதிலும் பாட்டு இல்லை, பாட்டில் பாடகர் மூச்சு வாங்கிக்கொள்கிற இடத்தில் வருகிற இடையிசை. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வயலின்கள் யாரிடமும் அனுமதி கேட்காமல் எங்கோ போய்விட்டுத் திரும்பி வருமே, அது. பாய் சினிமா கொண்டு வருவார்; ஆனால் இடைவேளை வரைக்கும்தான். இடைவேளை என்று திரையில் எழுத்து விழுந்ததும் நிறுத்திவிடுவார். "அதுக்கப்புறம் எல்லாப் படமும் ஒரே படம்தான் மா" என்பது அவர் கட்சி. முழுப்படம் பார்த்த பாவத்தை அவர் இளமையிலேயே செய்து தீர்த்துவிட்டாராம். அண்ணன் கொண்டு வருவது மல்யுத்தம்.

எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. கொண்டு வந்தவர் விளக்கம் சொல்லக் கூடாது. மற்ற இருவரும் முழுவதும் பார்க்க வேண்டும். முடிந்ததும் பிடித்தது என்றோ பிடிக்கவில்லை என்றோ சொல்லலாம். பரவாயில்லை என்ற சொல்லுக்கு மட்டும் அந்த அறையில் இடமில்லை. நண்பர்களை நோகடிக்காமல் இருக்க அந்தச் சொல் கண்டுபிடிக்கப்பட்டது, ரசனையைக் கொல்வதும் அதுதான் என்று பாய் சொல்வார். என் வயலின்களை அவர் பலமுறை கொன்றிருக்கிறார். "படத்துல ஹீரோ நடந்து போறப்ப நேரம் போகணும்ல, அதுக்குப் போட்டது. இதப் போய் ரசிக்கிறீங்க." எனக்குக் கோபம் வரும். அடுத்த ஞாயிறு இன்னும் நல்ல வயலினைத் தேடிக்கொண்டு போவேன்.

கப்பல் சங்குப் பாட்டுக்கு உரியவனை நாங்கள் கிழவன் என்று அழைத்தோம். பெரிய நட்சத்திரமல்ல. சுற்றி இருந்தவர்களையெல்லாம் விட வயதானவன், தோளில் ஒரு துண்டு, அவசரமில்லாத நடை. சங்கு ஊதும், கிட்டார் இழுக்கும், முரசு விழும், ஒவ்வொரு முரசுக்கும் ஓர் அடி வைப்பான். கயிற்றைத் தாண்டி உள்ளே ஏறியதும் மணி அடிப்பார்கள், பாட்டு பட்டென்று நிற்கும், அதன்பின் பெரும்பாலும் தோற்றுப்போவான். புதிதாக வருகிற இளைஞர்களை ஜெயிக்க வைப்பதே அவனுக்குக் கொடுத்திருந்த வேலை. அண்ணனுக்கு அவன் என்றால் உயிர். தன் செல்பேசிக்கு அந்தச் சங்கைத்தான் அழைப்பொலியாக வைத்திருந்தார். ஒரு தடவை உண்மையான கப்பல் ஊதியதற்குப் பாக்கெட்டைத் தடவியதாக அவரே சொல்லியிருக்கிறார்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்த நாள்களில் அண்ணிக்கு வயிற்றில் கட்டி வந்தது. அறுவைச் சிகிச்சை. எடுத்த கட்டியைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த நேரத்தில், ஆஸ்பத்திரி நடைவழியில் நின்றபடி அண்ணன் வேண்டிக்கொண்டார்: கெட்ட கட்டி இல்லை என்று வந்தால் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குக் காவடி எடுக்கிறேன். கெட்டது இல்லை என்று வந்தது.

அண்ணனுக்கு மகிழ்ச்சி. அண்ணிக்குத்தான் ஆத்திரம். காரணம் அண்ணனுடைய வலது முழங்கால் மூட்டு. ஆண்டுக்கணக்காகக் கிரேன் ஏணியில் ஏறி இறங்கி உள்ளே இருந்த மெத்தை தேய்ந்துபோயிருந்தது. படியேறுவதைக் குறைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். தண்ணீர்மலைக் கோயிலோ மலையுச்சியில் இருக்கிறது. சாலையில் நடந்தது போதாதென்று அடிவாரத்திலிருந்து படிகள் ஏறிக்கொண்டே இருக்கும்.

"நான் கேட்டனா?" என்று என்னிடம் முறையிட்டார் அண்ணி. "வீட்டுப் பக்கத்துக் கோயில்லயே ஒரு பால்குடம் எடுத்திருக்கலாம்ல. காலு போச்சின்னா யாரு பாத்துக்கறது? வயித்துல தையலப் போட்டுக்கிட்டு நானா?"

அண்ணன் பக்கத்தில் நிற்கும்போதேதான் சொன்னார். அண்ணனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: தோளில் ஏற்றிய காவடியை வழியில் யாரிடமும் மாற்றிக் கொடுக்காமல் தன் காலால் மேலே கொண்டு சேர்க்க வேண்டும். அதைச் செய்ய முடியாமல் போய்விடுமோ என்ற பயம் அவருக்கே இருந்தது. இல்லாவிட்டால் அடுத்த ஞாயிறு கடையில் அப்படி ஒரு யோசனையைச் சொல்லியிருக்க மாட்டார்.

"உறுமி மேளத்துக்குச் சொல்லியாச்சி. என்ன பாட்டு வேணும்னு கேக்குறாங்க" என்றார். பிறகு டிவியைப் பார்த்தார். திரையில் ஒன்றும் ஓடவில்லை.

பாய்க்குத்தான் முதலில் புரிந்தது. "அண்ணே. தோக்குறவன் பாட்டப் போட்டா மலை ஏறப் போறீங்க?"

"தோக்குறவன் இல்ல பாய். நடக்குறவன். அந்த முரசு விழுந்தா எனக்குக் கால் தன்னால போவும். துறைமுகத்துல ஏணி ஏறுறப்ப அததான் மனசுல ஓட்டுவேன். இல்லன்னா இந்த மூட்டு எப்பயோ நின்னுருக்கும்."

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது.

உறுமி மேளக் குழுவின் தலைவி கெப்பாலா பத்தாஸைச் சேர்ந்த இளம்பெண். வாரநாளில் தொழிற்சாலையில் டெக்னீஷியன். தாசேக் கெலுகோரில் அண்ணன் வீட்டுக்குப் பின்னால் இருந்த திடலில், எண்ணெய்ப்பனைத் தோட்டம் தொடங்குகிற ஓரமாக, ஒரு சாயங்காலம் வந்து நின்று கிழவனின் பாட்டைச் செல்பேசியில் கேட்டாள். தலையை ஆட்டினாள். உறுமியை இடுப்பில் சரிசெய்துகொண்டு வளைந்த குச்சியைத் தோலில் தேய்த்தாள். அச்சு அசல் கப்பல் சங்கு. அடுத்த வீட்டு மலாய் அம்மா வாசலுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்.

"மெட்டு ஓக்கே அங்கிள். ஆனா அங்க சாமி பாட்டுதான் அடிக்கணும். சும்மா டியூன் அடிச்சா, இது என்னா பாட்டுன்னு கேட்டு நிறுத்திருவாங்க. சாமி வரி போட்டுக் கொடுத்தீங்கன்னா எங்க பசங்க பாடிக்கிட்டே அடிச்சிருவாங்க."

அண்ணனும் கூட வந்திருந்த பாயும் என்னைப் பார்த்தார்கள்.

நான் எழுதுவதைக் கவிதை என்றால் கவிஞர்கள் சண்டைக்கு வருவார்கள், கட்டுரை என்றால் பத்திரிகை ஆசிரியர்கள் திருப்பி அனுப்புவார்கள். வாழ்நாளில் ஒரு தாளத்துக்குள் உட்கார்ந்ததில்லை. இதையெல்லாம் சொன்னேன். "அதெல்லாம் எழுதிரலாம் லா" என்றார் அண்ணன், லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்வது மாதிரி.

ஜார்ஜ்டவுனுக்குக் கடல் கடக்கிற ஃபெரியில் எழுதினேன். கம்பியில் விரலால் முரசைத் தட்டிக்கொண்டு, வாய்க்குள் முனகிக்கொண்டு. கடலுக்கு என் கஷ்டம் தெரியவில்லை, தன் போக்கில் பச்சையாகவும் அழுக்காகவும் கிடந்தது. சொல் நீளமாக இருந்தால் முரசு அதன் வாலை மிதித்தது. குட்டையாக இருந்தால் நடுவில் காற்று அடித்தது. முருகனுக்கு எத்தனை பெயர் இருக்கிறது என்பதன் பயன் எனக்கு அப்போதுதான் விளங்கியது: எந்தப் பள்ளத்துக்கும் ஏற்ற அளவில் ஒன்று கிடைத்துவிடும். கரை வந்தபோது கையில் நான்கு வரி இருந்தது. தொடக்கம் இப்படி:

*தண்ணீர்மலை வேலா, தாங்கு என் காலை*
*எண்ணியதைக் கொண்டு ஏறும் இவ்வேளை*

ஞாயிறு கடையில் பாடிக் காட்டினேன். பாய் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "சாமி பாட்டுக்கு நான் மார்க் போடக் கூடாது. ஆனா ரெண்டாவது வரி மெட்டுல ஒக்காரல மா. அந்த 'இவ்வேளை' எட்டிப் பாத்துக்கிட்டு நிக்குது." சரியாகத்தான் சொன்னார். மாற்றப் பார்த்தேன், முடியவில்லை, அப்படியே விட்டோம்.

இன்னொன்றும் அன்றைக்கே யாராவது சொல்லியிருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை. எங்களிடம் இருந்த பதிவு, கிழவன் திரைக்குப் பின்னாலிருந்து வந்து கயிற்றைத் தாண்டுகிற வரைக்கும்தான். மணி அடித்ததும் பாட்டு வெட்டுப்படுகிறது. அதற்குப் பிறகு அந்தப் பாட்டு எப்படிப் போகும் என்று எங்கள் மூவருக்குமே தெரியாது. மல்யுத்தத்தில் ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவன் பாட்டைத்தான் போடுவார்கள். கிழவனோ வருகிறபோது மட்டும் பாட்டு உள்ளவன். உறுமிக் குழு அந்தத் துண்டை அப்படியே, வெட்டு உட்படக் கற்றுக்கொண்டது. பாட்டு உச்சத்துக்குப் போய் எல்லா மேளமும் ஒரே அடியில் நிற்கும். ஒரு மூச்சு அமைதி. மறுபடியும் சங்கு. திடலில் கேட்டபோது எங்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"அந்தக் கட்டுதான் அங்கிள் மாஸ்" என்றாள் தலைவி, அந்த வெட்டைச் சொல்லி. ரசிகர்கள் மூவரும் ஒரே சமயத்தில் தலையாட்டியது அநேகமாக அந்த ஒரு தடவைதான்.

விரத நாள்களில் ரெஸ்லிங் பார்க்கலாமா என்று அண்ணனுக்குச் சந்தேகம். யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை. "ரத்தம் வந்தா கண்ண மூடிக்குங்க" என்று பாய் தீர்ப்புச் சொன்னார். அண்ணன் பார்க்காமலே இருந்துவிட்டார். வந்து உட்கார்ந்து என் வயலின்களைக் கேட்டார். ஒன்றுகூடப் பிடிக்கவில்லை என்றார்.

தைப்பூசத்தன்று காலையில் வெயில் ஏறுவதற்கு முன்பே புறப்பட்டோம். சாலை முனையில் பூசை முடிந்து, மஞ்சள் வேட்டியும் வெறுங்காலுமாக அண்ணன் நின்றார். மயில் காவடி, அலகு கிடையாது. வளைந்த மரச் சட்டத்தின் இரு பக்கமும் மயிலிறகு, தொங்குகிற சின்னச் சொம்புகளில் பால். பார்க்கக் கனமில்லாத பொருள்தான். அண்ணி மஞ்சள் புடவையில் பக்கத்தில், அவர் வலது காலையே பார்த்துக்கொண்டு. பாய் ஒரு மடக்கு நாற்காலியோடு வந்திருந்தார். காவடிக்காரர் நடுவழியில் இளைப்பாறக் கூட வருகிறவர்கள் ஸ்டூல் சுமப்பது வழக்கம். பாய் கடையில் ஸ்டூல் இல்லாததால் இது.

"இதத் தூக்கிக்கிட்டு நின்னா, பின்னால வந்து என் முதுகுலதான் போடப் போறீங்கன்னு தோணுது பாய்" என்றார் அண்ணன். ரெஸ்லிங் பார்க்கிறவர்களுக்கு மடக்கு நாற்காலி உட்காருகிற பொருள் அல்ல.

"மொதல்ல மேல ஏறி எறங்குங்க. அப்புறம் போடுறேன்."

உறுமி சங்கு ஊதியது. கிட்டாரின் இடத்தில் பையன்களின் குரல் எழுந்தது: தண்ணீர்மலை வேலா. முரசு விழுந்தது. அண்ணன் நடந்தார்.

நான் நிறைய பேர் காவடி எடுத்துப் பார்த்திருக்கிறேன். அப்படியொரு நடையைப் பார்த்ததில்லை. ஆட்டமில்லை, சுழற்சியில்லை. ஒவ்வொரு முரசுக்கும் ஓர் அடி, நிமிர்ந்த கழுத்து, எங்கோ தூரத்தில் பார்வை. தண்ணீர்ப் பந்தல்களின் ஒலிபெருக்கிகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்திக்கொண்டிருந்த சாலையில் அவரைச் சுற்றி மட்டும் ஓர் ஒழுங்கு வந்தது. ஓரத்தில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எட்டிப் பார்க்கிற அந்த இவ்வேளைகூட எனக்கு அழகாகக் கேட்டது.

பிறகு கட்டு வந்தது. எல்லா மேளமும் நின்றன. அண்ணனும் நின்றார்.

பின்னால் வந்த காவடி மோதாமல் விலகியது. யாரோ அவசரமாக அண்ணன் காலில் குடத்துத் தண்ணீரை ஊற்றினார்கள். "வேல் வேல்" என்று ஒரு பெரியம்மா காதருகே கத்தினார். பாய் நாற்காலியை விரித்துக்கொண்டு ஓடிவந்தார். "ஒக்காருங்க, ஒக்காருங்க."

"நான் எதுக்கு ஒக்காரணும்?" என்றார் அண்ணன்.

சங்கு ஊதியது. நடந்தார். பாட்டு உச்சத்துக்குப் போனது, வெட்டியது. மறுபடி நின்றார். மறுபடி தண்ணீர், மறுபடி வேல் வேல், மறுபடி நாற்காலி.

இப்படியே போனது. பாட்டு ஒரு கயிற்றிலிருந்து இன்னொரு கயிற்றுக்குத்தான் அவரைக் கொண்டுபோனது. "நிக்காதீங்கண்ணே" என்றேன், பக்கத்தில் ஓடியபடி. "நான் நிக்கல தங்கச்சி. பாட்டு நின்னா கால் நின்னுருது. இத்தன வருசம் அப்படித்தான் பாத்திருக்கேன்." நடந்துகொண்டே இருந்திருந்தால் மூட்டு தாங்கியிருக்கும். நின்று, எடையை வாங்கி, மறுபடி கிளம்பி, மறுபடி நின்று என்றால் எந்த மூட்டு தாங்கும். சாலையில் உடைத்த தேங்காய் ஓடுகளும் ஈரமும் வேறு. பாதி வழியிலேயே வலது காலை இழுக்க ஆரம்பித்துவிட்டார். முகத்தில் அந்தத் தூரப் பார்வை போய்விட்டது. இப்போது அவர் அடுத்த கட்டு எப்போது வரும் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணி என் கையைப் பிடித்தார். விரல்கள் அழுந்தின. "மலைக்கு இன்னும் போவவே இல்ல" என்றார்.

அடுத்த அமைதியில் தலைவி உறுமியோடு அண்ணனுக்கு நேர் எதிரில் வந்து நின்றாள். வியர்வை கண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது.

"அங்கிள், பாட்ட விட்டுரவா?"

"நம்ம பாட்டு மா."

"தெரியும் அங்கிள். நல்ல பாட்டு. ஆனா இது ரோட்டுக்கு ஆவாது. நிக்காம சாதா அடி ஒண்ணு இருக்கு. அத அடிச்சிக்கிட்டே போறேன். நீங்க வந்துக்கிட்டே இருங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். எங்களில் யாராவது வேண்டாம் என்று சொல்வோம் என்று எதிர்பார்த்தாரா தெரியவில்லை. பாய் தலையசைத்தார். நானும். என்னுடைய நான்கு வரிகளும் அத்தோடு தண்ணீர்மலைச் சாலையில் முடிந்துபோயின. வருத்தமாகத்தான் இருந்தது, அப்போது வருத்தப்பட நேரமில்லை.

"சரி, அடி" என்றார்.

அவள் அடித்த அடியில் சொல்லும்படியாக ஒன்றுமில்லை. எங்கள் பின்னறையில் யாராவது அதைக் கொண்டுவந்து போட்டிருந்தால் நாங்கள் பிடிக்கவில்லை என்று சொல்லியிருப்போம். முகப்பு கிடையாது, உச்சம் கிடையாது, தொடங்கியது எங்கே என்று தெரியாமல் ஒரே மாதிரி ஓடிக்கொண்டே இருந்தது. அண்ணன் அதற்குள் நொண்டிக்கொண்டே நடந்தார். யாரும் ஓரத்தில் நின்று அவரைத் தனியாகப் பார்க்கவில்லை. காவடிகளோடு காவடியாக அடிவாரம் வந்து சேர்ந்தார்.

அந்தக் குழு படியேறுவதில்லை. தலைவி அண்ணன் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அடுத்த காவடிக்காகத் திரும்பிச் சாலைக்குள் போய்விட்டாள். பாய் அடிவாரத்து மர நிழலில் நாற்காலியை விரித்தார். "நான் இங்கதான் இருப்பேன். செருப்பெல்லாம் கொடுத்துட்டுப் போங்க" என்றார். அண்ணன் தோளைத் தட்டினார்.

மேளம் இல்லாத படிகளில் நாங்கள் மூவரும் ஏறினோம். முதல் வளைவு வருவதற்குள் அண்ணன் நின்றுவிட்டார். இந்தத் தடவை பாட்டு எதுவும் நிற்கவில்லை. கால்தான். மூட்டு பன் போல வீங்கியிருப்பது வேட்டிக்கு மேலேயே தெரிந்தது. கூட்டம் எங்களைச் சுற்றிப் பிரிந்து மேலே போய்க்கொண்டிருந்தது. ஒரு பையன் நின்று, "குடுங்க அங்கிள், நான் தூக்கிக்கிட்டு வரேன்" என்றான். நல்ல மனதோடு கேட்டான். அண்ணன் இல்லை என்று தலையாட்டினார், ஆனால் காவடித் தண்டைப் பிடித்திருந்த கை தளர்ந்துகொண்டிருந்தது. இன்னொரு தடவை யாராவது கேட்டால் கொடுத்துவிடுவார் என்று எனக்குத் தோன்றியது.

அண்ணி ஒரு படி மேலே ஏறி அவருக்கு முன்னால் வந்தார். முதுகைக் காட்டி நின்றார். "கைய என் தோள்ல வைங்க."

"ஒனக்கு வயித்துல..."

"தையல் ஆறி எவ்வளோ நாளாச்சி. வைங்க."

ஒரு கையால் தண்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையை அண்ணியின் தோளில் வைத்தார் அண்ணன். அண்ணி ஒரு படி ஏறினார். அண்ணன் ஒரு படி. நின்றார்கள். மேலே எவ்வளவு இருக்கிறது என்று அண்ணன் தலையை நிமிர்த்தினார்.

"மேல பாக்காதீங்க" என்றார் அண்ணி. திரும்பாமலே கேட்டார்: "அந்தப் பாட்டு என்னாது, கப்பல் ஊதுற மாதிரி?"

அண்ணன் கேள்வி புரியாதவர் போலப் பார்த்தார். அவர் வீட்டில் அந்தப் பாட்டு ஓடாத நாளில்லை. அண்ணி அதற்கு ஒரு தடவைகூடச் சமையலறையிலிருந்து தலையை நீட்டியதில்லை என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

"அது... கிழவன் பாட்டு" என்றார்.

"கிழவன்னா?"

"ரெஸ்லிங்ல ஒருத்தன்."

"பெரிய ஆளா?"

"இல்ல. தோத்துக்கிட்டே இருப்பான்." ஒரு படி. "புதுசா வர்ற பசங்கள ஜெயிக்க வைக்கிறது அவன் வேல." ஒரு படி. "சும்மா விழ முடியாது. பாக்குறவன் நம்புற மாதிரி விழணும். அதுக்குத் தெறம வேணும்."

"விழறதுக்கா?"

"பின்ன? இவன் ஒழுங்கா விழுந்தாத்தான் எதுத்தாப்ல இருக்கறவன் பெரிய ஆளாத் தெரிவான்."

மூச்சு முட்டியது. நின்றார். பிறகு அவராகவே தொடங்கினார். ஒரு தடவை தோள்பட்டை நழுவிய கையோடு ஆட்டத்தை முடித்தானாம். எதிராளி பதினெட்டு வயதுப் பையன், முதல் ஆட்டம், பயத்தில் எல்லாவற்றையும் மறந்துவிட்டான். கிழவன் காதோடு காதாக ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்து, அவன் கையாலேயே தன்னைத் தூக்கிப் போட வைத்தானாம். கீழே கிடக்கும்போது கண்ணைத் திறந்து அந்தப் பையன் சிரிக்கிறானா என்று ஒரு பார்வை பார்த்தானாம், கேமராவுக்குத் தெரியாமல். இதெல்லாம் எனக்குமே புதிது. கொண்டு வந்தவர் விளக்கக் கூடாது என்ற எங்கள் சட்டத்தால், அந்த மனிதனை அவருக்கு ஏன் பிடிக்கும் என்று அதுவரை நானும் கேட்டதில்லை, பாயும் கேட்டதில்லை. நான் தண்ணீர்ப் போத்தலோடு இரண்டு படி பின்னால் வந்துகொண்டிருந்தேன். ஒரு சொல்லும் தவறக் கூடாது என்று ஒரு படி நெருங்கினேன்.

அண்ணி நடுநடுவே கேட்டார். மெய்யாலுமே அடிக்கிறாங்களா. பொண்டாட்டி புள்ள இருக்கா அவனுக்கு. தோத்தா சம்பளம் கொறையுமா. கேட்டது ஆர்வத்திலா, அவரை நிற்கவிடாமல் இழுத்துக்கொண்டு போகவா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அண்ணன் பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, வரிசையாக, விட்டுவிட்டு, ஆனால் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே ஏறினார். கல்யாணமாகி இத்தனை ஆண்டுகளில் சேர்த்து வைத்திருந்த அத்தனையும் அந்தப் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தது. வளைவுகள் வந்தன, போயின. காற்று கொஞ்சம் குளிர்ந்தது. மணிச் சத்தம் கேட்டது, கற்பூர வாசம் வந்தது. அண்ணன் பேச்சை நிறுத்தி நிமிர்ந்தபோது ஏற வேண்டிய படி இல்லை.

சந்நிதிக்கு முன்னால் வரிசை நின்றிருந்தது. காவடி இன்னும் அவர் தோளில்தான் இருந்தது. கை அண்ணியின் தோளிலிருந்து இறங்கவில்லை.

"அப்ப அவன் ஒரு தடவகூட ஜெயிச்சதே இல்லியா?" என்றார் அண்ணி.

"ஒரு தடவ ஜெயிச்சான்."

"எப்ப?"

வரிசை நகர்ந்தது. குருக்கள் கையை நீட்டி அழைத்தார். பாலை இறக்கினார்கள், காவடியை இறக்கினார்கள், திருநீறு கொடுத்தார்கள். அண்ணன் கும்பிட்டார், அண்ணி பக்கத்தில் நின்று கும்பிட்டார். வெளிப்பிரகாரத்துக்கு வந்து ஒரு தூணில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்ததும், அண்ணி பையிலிருந்து தைலத்தை எடுத்து மூட்டில் தேய்க்க ஆரம்பித்தார். அண்ணன் அவர் தலைக்கு மேலே என்னைப் பார்த்து, சொல்லட்டுமா என்பது போலப் புருவத்தை உயர்த்தினார்.

"சொல்லுங்கண்ணே" என்றேன். "நான் கீழ போயி பாய்கிட்ட ஏறியாச்சின்னு சொல்லிட்டு வரேன்."

படியிறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். கைகளை விரித்து, அரங்கு எவ்வளவு பெரியது என்று காட்டிக்கொண்டிருந்தார்.